இன்குபேட்டருக்குள் உம்மாவின் குரல்

"குறைமாதப் பிள்ளைக்கு என்ன விளங்கப் போகிறது?" என்று எங்கள் வீடுகளில் கேட்பார்கள். விளங்குமோ தெரியாது, ஆனால் கேட்கும்.

ஏறத்தாழ 25 வாரமளவில் கருக்குழந்தை ஒலிகளை உணரத் தொடங்குகிறது. உம்மாவின் இதயத்துடிப்பும் பேச்சும் அதற்குப் பழகிப்போனவை. 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிட்டால் அவை ஒரேயடியாக நின்றுபோய், மொனிட்டரின் அலாரமும் கதவு மூடும் சத்தமும்தான் மிஞ்சுகின்றன.

பொஸ்டனில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்றில், 40 குறைமாதக் குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 3 மணித்தியாலம் தாயின் குரலும் இதயத்துடிப்பும் கேட்பிக்கப்பட்டன. ஒரு மாதத்தில் அவர்களின் மூளையில் கேட்டலுக்குரிய பகுதி மற்றவர்களைவிடத் தடித்து வளர்ந்திருந்தது. நான் பெரிதாக மதிப்பது இன்னொன்றை. நியூயோர்க்கின் இசைச் சிகிச்சையாளர் ஜோஆன் லோவி, 11 வைத்தியசாலைகளில் 272 குழந்தைகளைக் கொண்டு செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. பெற்றோர் தமக்குப் பிடித்த ஏதோவொரு பாட்டைத் தாலாட்டுப்போல் மெதுவாக்கிப் பாடினார்கள். குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்தது. பெற்றோரின் மனப்பதற்றமும் குறைந்தது.

இதற்கு வாத்தியம் தேவையில்லை. உம்மும்மாவின் ஓராட்டுப் போதும். மெல்லிய குரலில் ஓதினாலும் சரி. குரல் இனிமையில்லை என்று வெட்கப்படும் உம்மாமார்தான் எத்தனை பேர்! பிள்ளையா புள்ளி போடப் போகிறது?

இதைக் கேட்டுவிட்டுக் கைத்தொலைபேசியைக் கொண்டுபோய் இன்குபேட்டருக்குள் பாடவிடக் கூடாது. அப்பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் பரிந்துரை. நாம் சாதாரணமாகக் கதைப்பதே அதற்கு மேல்.

வாப்பாமாரும் இதில் சேர வேண்டும். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதன்பின் அந்தக் குரல் பல வாரங்களுக்குப் பிள்ளைக்குக் கேட்பதில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வாப்பாவை வெளியே அனுப்பும் வைத்தியசாலைகள், தினமும் அரை மணித்தியாலமாவது அவர் பிள்ளையருகே இருந்து கதைக்க இடமளிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. ஒரு கதிரை வேண்டும், கை கழுவ வேண்டும், தாதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை விரல்களை விரித்தாலோ முகத்தைத் திருப்பினாலோ களைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டுத் தூங்க விட வேண்டும்.