‘வெறும் பீர்தான் சார்!’ ராத்திரி கலந்த போதை காலையிலும் இறங்காது
குவார்ட்டரும் பீரும் சேர்ந்தால் என்ன கணக்கு?

சென்னை—

இரவு மணி 9.40. டாஸ்மாக் கடை மூட இன்னும் 20 நிமிடம்தான். கவுண்டர் முன்னால் கைகள் நீளுகின்றன. “அண்ணே, ஒரு ஸ்ட்ராங்கு, ஒரு குவார்ட்டரு. பீரு கூலிங்கா குடுங்கண்ணே!”

கூலிங் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். வாங்கியவர்கள் ஓரமாக ஒதுங்குகிறார்கள். பீர் பாட்டிலைத் திறந்து நாலு மடக்கு குடிக்கிறார்கள். காலியான இடத்தில் பிராந்தியைச் சாய்க்கிறார்கள். நுரை பொங்கி வழிகிறது. விரலால் அடைத்துக்கொண்டு ஒரு குலுக்கு. அவ்வளவுதான், ‘மிக்சிங்’ தயார்!

ஏன் இப்படி என்று கேட்டால் சட்டென்று பதில் வருகிறது. “பீர் மட்டும் அடிச்சா ஏற மாட்டேங்குது. பிராந்தி மட்டும் அடிச்சா தொண்டை எரியுது.”

ஏறவில்லை என்பதுதான் தப்புக்கணக்கு.

பாட்டில் லேபிளிலேயே விவரம் இருக்கிறது. ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை. 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். பிராந்தி 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி. அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர் குடித்தவர், முக்கால் குவார்ட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்திருக்கிறார். பெயர்தான் பீர்!

அதில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி, சேர்ந்தால் மொத்தம் 90 மில்லி சுத்த ஆல்கஹால். முழு குவார்ட்டரும் இறங்கினால் 129 மில்லி. சரக்கின் காரத்தைப் பீரின் குளிர்ச்சி மறைத்துவிடுகிறது. ராவாகக் குடிக்கத் தயங்குகிறவர்கூட இதை மடமடவென்று இறக்கிவிடுகிறார். தலைக்கு ஏறுவது தெரிவதற்குள் பாட்டில் காலி.

பீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்றொரு நம்பிக்கை வேறு! உண்மையில் அது சிறுநீரைப் பெருக்கி உடம்பில் உள்ள நீரை வெளியே தள்ளுகிறது. மறுநாள் தலைவலிக்கும் நாக்கு வறட்சிக்கும் அதுவும் ஒரு காரணம்.

மற்ற நாடுகளிலும் பீரில் கலந்து குடிக்கிறார்கள். ஆனால் எதைக் கலக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ‘ஷாண்டி’ என்றால் பீரில் பாதிக்குப் பாதி லெமனேட். ஜெர்மனியில் இதற்கு ‘ராட்லர்’ என்று பெயர். அப்படியென்றால் சைக்கிள்காரர் என்று அர்த்தம். போதையைக் குறைக்கத்தான் அங்கே கலப்பு. நம் ஊர் மிக்சிங்குக்குச் சரியான ஜோடி தென் கொரியாவில் இருக்கிறது. சோஜு என்ற சாராயத்தைப் பீரில் ஊற்றி ‘சோமேக்’ என்று குடிக்கிறார்கள். ஆபீஸ் விருந்துகளில் அது இல்லாமல் இருக்காது. அந்த நாட்டு அரசு 2019 ஜூன் மாதம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கான வரம்பைக் குறைத்தது. 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று இருந்தது 30 ஆனது.

இந்தியாவிலும் வரம்பு அதே 30 மில்லிகிராம்தான்.

70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் ஒரே ஒரு ஸ்ட்ராங் பீர் குடித்தால் ரத்தத்தில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் வரை ஏறும். போலீஸ் சோதனையில் ஊதிவிட்டு, “சார், வெறும் பீர்தான் சார்” என்று கும்பிடுகிறவர் சொல்வது பொய்யே இல்லை. உண்மையைச் சொல்லித்தான் மாட்டுகிறார்! 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை பிடிபட்டால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். பல குமாஸ்தாக்களுக்கு அது அரை மாதச் சம்பளம்.

ராத்திரி பஸ்ஸில் போய்விட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் அடுத்த சிக்கல். ஏறிய ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் இறங்கும். மோர், எலுமிச்சம்பழம், கட்டங்காப்பி, குளிர்ந்த தண்ணீரில் குளியல் — எதுவும் அதை வேகப்படுத்தாது. தூங்கினாலும் அதே வேகம்தான்.

பீரும் கட்டிங்கும் கலந்து 10 மணிக்கு முடித்தவர் வரம்புக்குள் வர விடிகாலை 5, 6 மணி ஆகும். முழு குவார்ட்டர் கலந்தவருக்குக் காலை 9, 10 மணி. ஆள் ஒல்லியாக இருந்தால் இன்னும் நேரமாகும். அதற்குள் பல் தேய்த்து, விபூதி பூசி, இட்லி சாப்பிட்டு, ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் பாதி தூரம் வந்திருப்பார். தெளிவாக இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். விபத்து நடந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அந்த ஒரு காகிதம் போதும்.

மதுச் சோதனை பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கிறது. பால் வேன் 4 மணிக்குக் கிளம்புகிறது. பள்ளிக்கூட வேன் 7 மணிக்கு. அந்த நேரத்தில் ஊதச் சொல்லி ரோட்டில் ஆள் நிற்பது அபூர்வம்.