பத்துக் கோழி போதும்

"நாட்டுக்கோழி வளர்த்தால் மாதம் இத்தனை ஆயிரம் லாபம்" என்று சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் அப்பாவும் பார்த்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 6 சென்ட் கொல்லை. அது அப்பத்தாவின் ராஜ்ஜியம். கத்தரி, வெண்டை, தக்காளி, ஒரு முருங்கை, பந்தலில் அவரையும் பீர்க்கும். கூடவே பத்துப் பன்னிரண்டு கோழிகள். அவற்றுக்காக அப்பத்தா கடையில் தீவனம் வாங்கி நான் பார்த்ததே இல்லை. மிச்சச் சோறு, குருணை, முற்றிப்போன வெண்டைக்காய், கீரைத்தண்டு, மீதிக்கு மண்ணைக் கிளறினால் கிடைக்கும் புழுவும் கரையானும். முட்டை விற்ற காசு சுருக்குப்பைக்குள் போகும். என் முதல் இரண்டு செமஸ்டர் தேர்வுக் கட்டணம் அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

கணக்குப் போட்டால் நாட்டுக்கோழி தோற்றுவிடும். அது வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். நாமக்கல் பண்ணைக் கோழியோ 300க்கு மேல் இடும். ஆனால் பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. அப்பத்தாவின் தீவனச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். லாபத்தின் ரகசியம் கோழியில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது! வீடும் தோட்டமும் கழிப்பதைத் தின்று பத்துக் கோழி வாழும். ஐம்பதாவது கோழிக்கு மிச்சச் சோறு ஏது?

அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் கடன் வாங்கி 150 குஞ்சுகள் இறக்கினார். முதல் வாரத்திலிருந்தே தீவன மூட்டைதான். மூன்றாவது மாதம் சந்தையிலிருந்து இன்னும் 20 கோழி வாங்கிவந்து, தனியாக அடைத்துப் பார்க்காமல் அதே கொட்டகையில் விட்டார். அதில் ஒன்று வெள்ளையும் பச்சையுமாகக் கழிய ஆரம்பித்தது. பிறகு கழுத்து திருகிக்கொண்டது. பத்தே நாளில் கொட்டகை காலி. அப்பத்தாவின் 11 கோழிகளும் சேர்த்துத்தான்.

அது வெள்ளைக்கழிச்சல். 1920களின் இறுதியில் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பது மட்டுமே வழி. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. "நாட்டுக்கோழிக்கு நோய் வராது" என்று அப்பா நம்பினார். நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம்.

பத்துக் கோழிக்காரருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு மேல் வரும். கரைத்ததும் சீக்கிரம் போட்டு முடித்துவிட வேண்டும். அதனால் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் சரி. பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமையும் தவற விடக்கூடாது.

2012இல் ஈரோடு பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அது மோசடி. நாட்டுக்கோழி மோசடி அல்ல. ஆனால் பணம் போட்டால் கோழி தானாகப் பெருக்கித் தரும் என்ற ஆசை இரண்டிலும் ஒன்றுதான்.

அப்படியானால் யாரும் பண்ணையே வைக்கக் கூடாதா? வைக்கலாம். அது தொழில். பயிற்சி எடுத்து, தீவனத்துக்கும் விற்பனைக்கும் கணக்குப் போட்டுவிட்டு, வீட்டுக் கொல்லைக்குத் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். கொல்லைக்கோழி தொழில் அல்ல, சேமிப்பு. இரண்டையும் குழப்பினால் இரண்டும் போய்விடும்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் "கோழி நாற்றைக் கிளறிவிடுமே" என்பார்கள். உண்மைதான். இளம் பாத்திக்கு மட்டும் பழைய வலை கட்டுங்கள். பந்தல் கொடி மேலே ஏறியபின் கீழே கோழி மேய்ந்தால் பூச்சிதான் குறையும். மாலையில் திறந்துவிட்டால் இருட்டியதும் தானாக அடையும், சேதமும் குறைவு. எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகிவிடும். சருகோடு சேர்த்து இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டால் நல்ல உரம்.

எங்கள் கொட்டகை ஆறு மாதம் காலியாகக் கிடந்தது. கோழி இல்லாத கொல்லையில் அப்பத்தா உட்காரவே மாட்டார். பிறகு சுண்ணாம்பு அடித்து, பக்கத்து வீட்டு அடைக்கோழியை இரவல் வாங்கி 11 முட்டை வைத்தார். 21ஆம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. 7ஆம் நாள் கூடையில் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனது நான்தான்.

அப்பா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். குஞ்சுகளைப் பார்த்துவிட்டு ஒருநாள், "இன்னும் ஒரு அம்பது வாங்கி விட்டா..." என்று இழுத்தார். அப்பத்தா நிமிரக்கூட இல்லை.

"பத்து போதும்டா."

நானும் அதைத்தான் சொல்கிறேன் நண்பர்களே.