தூக்கி எறியும் லைட்டர்: எங்கள் நிலைப்பாடு

பெட்டிக்கடையில் தீப்பெட்டி இரண்டு ரூபாய். காஸ் தீர்ந்ததும் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் லைட்டர் பத்து ரூபாய். எதை வாங்குவது என்பது அவரவர் விருப்பம்தானே, இதில் ஒரு நுகர்வோர் அமைப்புக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். கயத்தாறு வட்டார நுகர்வோராக எங்கள் பதில் இது.

மீண்டும் காஸ் நிரப்ப முடியாத பிளாஸ்டிக் லைட்டரை, அது எந்த நாட்டில் செய்ததானாலும், தமிழ்நாட்டில் விற்கத் தடை விதிக்க வேண்டும்.

ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதினார். இருபது பெட்டிக்கு நாற்பது ரூபாய் ஆகும். வாங்குகிறவர் கணக்கில் லைட்டர்தான் மலிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக்கும் உலோகமும் மிச்சக் காஸும் கலந்த அந்தக் குப்பையைப் பிரித்தெடுக்க ஆளில்லை. அதை அள்ளும் செலவு பேரூராட்சி வரிப்பணத்தில் விழுகிறது. குப்பைமேட்டில் தீப்பிடித்தால் வெடிக்கிற ஆபத்து தூய்மைப் பணியாளருக்கு.

அதே கடிதம், தீப்பெட்டித் தொழிலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரடியாக வேலை செய்வதாகச் சொல்கிறது. பெரும்பாலோர் பெண்கள். மானாவாரி பொய்க்கும் ஆண்டில் கரிசல்காட்டு வீடுகளில் அடுப்பெரிவது தீப்பெட்டி ஆபீஸ் கூலியில்தான்.

2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு தடை செய்தது. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் இவை இறக்குமதியைத்தான் தடுக்கின்றன. உள்ளூரில் செய்தாலும் குப்பை குப்பைதான்.

புதிய தொழில்நுட்பத்துக்கோ வெளிநாட்டுக்கோ நாங்கள் எதிரிகள் அல்லர். கயத்தாற்றில் இருக்கும் காற்றாலைச் சோதனை நிலையமே டென்மார்க்கின் உதவியோடு வந்ததுதான். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரும், காஸ் நிரப்பிப் பயன்படுத்தும் லைட்டரும் தாராளமாக விற்கட்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. 2019 ஜனவரி முதல் நடப்பில் உள்ள பிளாஸ்டிக் தடையின் 14 பொருள்களோடு இந்த லைட்டரையும் தமிழக அரசு சேர்க்க வேண்டும்.

2. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் தரத்தைக் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது, வாங்குவோர் ஏற்றுக்கொண்டனர். மருந்தில்லாத குச்சியும், மழைக்காலத்தில் நமத்துப்போகும் பெட்டியும் இனி வரக்கூடாது. பெட்டியில் அச்சிட்ட எண்ணிக்கையில் குச்சி இருக்க வேண்டும். அனுதாபத்தை நம்பி எந்தச் சரக்கும் நெடுநாள் விற்காது.

3. கடைக்காரர்கள் கையிருப்பு தீர்ந்தபின் இந்த லைட்டரைப் புதிதாக வாங்கி வைக்க வேண்டாம்.

வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள்: சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லைட்டர்தான் வேண்டுமென்றால் காஸ் நிரப்பக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். மற்றதற்குத் தீப்பெட்டி போதும்.