உங்கள் வீட்டு 1958



1950களின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்கா எப்படி இருந்தது என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்டில் ஒருநாளும் கால் வைக்காத பிள்ளைகூடச் சொல்லிவிடும். பின்புறம் மீன் துடுப்புப் போல எழும்பிய நீளமான கார்கள், கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி, எல்விஸ் பிரெஸ்லியின் தலைமுடி, இடுப்பில் சுழன்ற ஹூலா ஹூப் வளையம். அதே 1958இல் நம் மாத்தளை மாவட்டத்து நாலந்தாச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற மனிதர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள், தேத்தண்ணிக் கடையில் எந்தப் பத்திரிகை கிடந்தது, ஒரு றாத்தல் பாண் என்ன விலை என்று கேளுங்கள். பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். நாம் நம் அம்மாவின் முகத்தைப் பார்ப்போம்.

அமெரிக்கர்கள் தங்கள் அன்றாடத்தைப் படம் பிடித்தார்கள், பிடித்ததைப் பத்திரமாக வைத்தார்கள். 1956 செப்டம்பர் 9ஆம் திகதி எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் பாடியதை அந்த நாட்டில் சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். இன்று நாமும் கைபேசியில் பார்க்கிறோம். நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். அதற்கு முன்பு நமக்குப் படம் என்றால் கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் விறைத்து நின்று எடுத்த ஒன்று. எனக்குத் தெரிந்த தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில் தாத்தாவுக்கு இருக்கும் ஒரே படம் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்தது. அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் 1956 முதல் 1960 வரையிலான மாத்தளை மாவட்டத்து அன்றாடத்துக்கென்று ஒரு சிறப்பிதழ் கொண்டுவர விரும்புகிறோம். நாலந்தாவிலிருந்து தொடங்குவோம்.

ஏன் நாலந்தா? கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பெருஞ்சாலை இந்த ஊரைக் கடந்துதான் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்த தோட்டத் தொழிலாளர்கள் தம்புள்ளையையும் நாலந்தாவையும் தாண்டித்தான் மாத்தளைக்கு ஏறினார்கள். நோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் ஐம்பதுகளில் மாத்தளை மலைகளில் இறப்பர் பால் வெட்டிக்கொண்டும் கொழுந்து எடுத்துக்கொண்டும் கொக்கோக் காய் உடைத்துக்கொண்டும் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆகிவிட்டார்கள். நாட்டின் போக்கையே திருப்பிய 1956 தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் பிரட்டுக் களத்தில் காலையில் பேர் போட்டார்கள், மாரியம்மனுக்குத் தேர் இழுத்தார்கள், மாசியில் காமன் கூத்து ஆடினார்கள், ரேடியோ கேட்டார்கள்.

ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லயத்தில் மின்சாரம் கிடையாது. வால்வு ரேடியோவுக்குப் பெரிய பற்றரி வேண்டும். ஆகவே தோட்டத்தில் ஒன்று கணக்கப்பிள்ளை வீட்டில் இருக்கும், அல்லது சந்திக் கடையில் இருக்கும். மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்தோ வேலியோரம் நின்றோ கேட்பார்கள். பாட்டு அவர்கள் வீட்டுக்கு வரவில்லை, அவர்கள்தான் பாட்டு இருந்த இடத்துக்குப் போனார்கள்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925இலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே ஒரு வானொலி நடந்தது, அதற்கென வந்த சக்திவாய்ந்த ஒலிபரப்பிச் சாதனங்கள் போருக்குப் பிறகு நம் கைக்கு வந்தன. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்குவதால் கொழும்பில் வைத்த பாட்டு மதுரையிலும் பம்பாயிலும் தெளிவாகக் கேட்டது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அடுத்த ஈராண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்கு இடம் கொடுக்க மறுத்தார். பாட்டுக்கு ஏங்கிய ஒரு துணைக்கண்டமே முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தது. இந்தியாவின் சொந்தத் திரைப்பாடல் சேவையான விவித் பாரதி 1957 அக்டோபரில்தான் வந்தது.

தமிழ்ச் சேவையில் எஸ்.பி. மயில்வாகனனின் குரலைக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது முகம் மலர்கிறார்கள். வானொலி நாடகம் என்றால் தயாரிப்பாளர் சானா. 1959இல் ‘கல்யாணப் பரிசு’ வந்தபோது படம் மாத்தளைக் கொட்டகைக்கு வரும் முன்பே ஏ.எம். ராஜாவின் பாடல்கள் தோட்டங்களுக்குள் ஏறிவிட்டன. திருச்சியில் ஒருவர் கேட்ட அதே பாட்டை, அதே நிமிடத்தில், நாலந்தாக் கடைவாசலில் ஒருவர் கேட்டார். இருவருக்கும் நடுவே கடலும் சட்டமும் கடவுச்சீட்டும் இருந்தன. திருச்சிக்காரர் வாக்காளர், நாலந்தாக்காரருக்கு அந்த உரிமை இல்லை. இந்த ரேடியோ நாட்களை நம் சமூக வரலாற்றின் நடு அத்தியாயமாகவே நான் பார்க்கிறேன். பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது.

அமெரிக்காவும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. ஆங்கிலச் சேவையில் எல்விஸும் பட் பூனும் பாடினார்கள். அதற்கும் முன்பே, 1951இல், வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா நம் வானொலியின் வழியே ஒலிபரப்புவதற்கு இரண்டு அரசுகளும் உடன்படிக்கை செய்திருந்தன. அடுப்படிக்குள்ளும் அமெரிக்கா இருந்தது. கோதுமை மாவை அமெரிக்கன் மா என்று கேட்டு வாங்கிப் புட்டு அவித்த வீடுகள் எத்தனையோ. பள்ளிக்கூடத்தில் கரைத்துக் கொடுத்த பால்மாவின் வாசனை பிடிக்காமல் பின்புறம் போய் ஊற்றியவர்களும், அதற்காகவே பள்ளிக்கூடம் போனவர்களும் நம் வாசகர்களில் இருப்பீர்கள். 1957 டிசம்பர் வெள்ளத்தில் வடமத்தியிலும் கிழக்கிலும் குளங்கள் உடைந்து ஊர்கள் தனித்துப் போனபோது அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பல் வந்தது. அதன் ஹெலிகாப்டர்கள் உணவு சுமந்து பறந்தன. வானத்தில் அப்படி ஒன்றை முதன்முதலாகப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? அதற்கான விடை எந்த அரச அறிக்கையிலும் கிடைக்காது.

1957 நடுப்பகுதியில் இலங்கைக்கு அமெரிக்கத் தூதராக மக்ஸ்வெல் கிளக் என்ற துணிக்கடை நிறுவன அதிபர் நியமிக்கப்பட்டார். செனட் குழுவில் உறுப்பினர் ஃபுல்பிரைட் அவரிடம், இலங்கைப் பிரதமர் யார் என்று கேட்டார். அவரால் பெயர் சொல்ல முடியவில்லை. பிறகு இங்கே வந்து பணியாற்றவும் செய்தார். அந்த மனிதரை எள்ளுவதற்காக இதை எழுதவில்லை. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பெயர் நம் வீரகேசரியிலும் தினகரனிலும் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் அது. நாம் அவர்களை அறிந்த அளவுக்கு அவர்கள் நம்மை அறிய வாய்ப்பு இருக்கவில்லை. நம்மைப் பற்றி நாம் எழுதி வைத்ததும் மிகக் குறைவு.

அந்தக் குறை எவ்வளவு ஆழமானது என்று எனக்கு உணர்த்தியது ஒரு படம். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ 1956 கடைசியிலும் 1957 தொடக்கத்திலும் நம் கித்துள்கலையில், களனி கங்கைக் கரையில் எடுக்கப்பட்டது. மரப்பாலம் கட்டினார்கள், 1957 மார்ச்சில் ரயிலோடு அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறுவருடம் 7 ஆஸ்கார் விருதுகள். கித்துள்கலைக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் இன்றும் அந்த இடத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். கதை நடப்பதோ சயாம் மரண ரயில்பாதையில். அந்தப் பாதை போட ஜப்பானியப் படை மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. பல்லாயிரம் பேர் அங்கேயே செத்தார்கள். நம் மலையகத்தாரும் அவர்களும் தமிழ்நாட்டின் ஒரே மாவட்டங்களிலிருந்து பிரிந்து போனவர்கள். அந்தப் படத்தில் அவர்கள் கதை இல்லை. பிரிட்டிஷ் போர்க்கைதிகள் நினைவுக் குறிப்பு எழுதினார்கள், அவர்கள் கதை நாவலாகிப் படமாகி உலகம் சுற்றியது. தோட்டத் தமிழன் எழுதவில்லை. எழுத அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் இல்லை.

நாலந்தாவிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டியது என்று சொல்லப்படும் கெடிகே, பல்லவர் பாணிக் கற்கோயிலின் உருவில் நிற்கும் பௌத்தக் கட்டடம். ஐம்பதுகளில் அது வயலுக்கு நடுவே நின்றது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அதைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி நிறுத்தினார்கள். மிக நல்ல காரியம். அந்த வயலில் நாற்று நட்டவர்களின் பேச்சையும் பாட்டையும் அப்படி எடுத்து வைக்க ஆள் இல்லை. தம்புலு ஓயாவுக்குக் குறுக்கே நாலந்தா அணை எழுந்ததும் ஐம்பதுகளில்தான். அங்கே கல் சுமந்தவர் உங்கள் உறவில் யாராவது இருந்தால் அவர் பெயரையாவது எங்களுக்கு எழுதுங்கள்.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் போய் இலங்கை போக்குவரத்துச் சபை வந்தது. சிவப்பு பஸ்ஸில் முதல் முதலாக ஏறிய நாளைப் பலர் ஞாபகம் வைத்திருப்பீர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது, 27ஆம் திகதி அவசரகால நிலை வந்தது. இந்த இதழில் இதைத் தவிர்த்துவிட்டு இனிய நினைவுகளை மட்டும் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1957 செப்டம்பரில் அமெரிக்காவின் லிட்டில் ரொக் நகரில், வெள்ளையர் பள்ளிக்குள் நுழையப் போன எலிசபெத் எக்ஃபர்ட் என்ற 15 வயதுக் கறுப்பினப் பெண்ணைச் சூழ்ந்து கூட்டம் கத்தியது. அந்தக் காட்சியின் புகைப்படம் அந்த நாட்டின் மனச்சாட்சியில் இன்றும் தைத்து நிற்கிறது. நமது 1958க்கு அப்படி ஒரு படம் நம் மனத்தில் இல்லை. செய்தித் தணிக்கை இருந்ததால் அன்றைய பத்திரிகைகளில்கூட முழுக் கதை இல்லை. பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சி எழுதிய நூல் லண்டனிலிருந்து வெளிவந்துதான் பலருக்கு விபரம் தெரிந்தது. வடக்கே போகும் இந்தச் சாலையில் அந்த வாரம் போனவர்கள், போக முடியாமல் திரும்பியவர்கள், மறைத்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்கள், காட்டிக் கொடுத்தவர்கள், எல்லாருடைய கதையும் வேண்டும்.

அன்று 15 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 80 தாண்டிவிட்டது. தள்ளிப்போட நேரம் இல்லை. இன்று மாலையே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய கேள்வி எதுவும் வேண்டாம். சம்பளம் என்ன கிழமை கொடுத்தார்கள், எந்தக் கடையில் கடன், ரேடியோ யார் வீட்டில், தலைமன்னார்க் கப்பலில் வந்த கல்கியும் விகடனும் யார் கைமாறி வந்தன, முதல் படம் எந்தக் கொட்டகையில், போகும்போது என்ன உடுத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். ஊர்ப்பெயரையும் ஆண்டையும் மட்டும் தவறாமல் குறித்துவிடுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் வெள்ளத்துக்கு முன்னா பின்னா, பண்டாரநாயக்க சுடப்பட்டதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கை நடுங்குகிறவர்கள் சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், திருத்தி அழகுபடுத்த வேண்டாம். எழுத்துப் பிழை எங்களுக்குப் பொருட்டில்லை. அயல்வீட்டு ஆச்சி சிங்களத்தில் சொன்னால் சிங்களத்திலேயே அனுப்புங்கள், தமிழாக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பழைய படம் இருந்தால் மூலத்தை அனுப்பாதீர்கள், கைபேசியில் எடுத்து அனுப்பினால் போதும். மூலம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது.

அன்புடன்,
ஆசிரியர்