'அமைதியான ஊர்' எண்டு விக்கிறதுக்கு முதல்

போன மாதம் ஒரு சிநேகிதி வட்சப்பில் ஒரு ரீல்ஸ் அனுப்பியிருந்தாள். இமயமலைப் பக்கம் ஏதோ ஒரு குட்டி ஊர். மரவீடு, பித்தளைக் குவளையில் ஆவி பறக்கிற தேத்தண்ணி, யன்னலுக்கு வெளியில பனி மூடின மலை. கீழே அவள் எழுதியிருந்தாள்: "இதை எங்கட மன்னாரிலயும் செய்யலாம்தானே? மலைக்குப் பதிலாக் கடல், அவ்வளவுதான்."

செய்யலாம். செய்தும் பார்த்தாச்சு. எங்கட வீட்டில் ரெண்டு அறை சும்மா பூட்டிக் கிடந்தது. அண்ணா வெளிநாட்டில இருந்து காசு அனுப்பிக் கட்டினது. அவர் வந்து படுத்தது மொத்தமாப் பதினெட்டு நாள். அந்த அறைகளைத்தான் துப்பரவாக்கி ஆக்களுக்குக் குடுத்தம். அதனால இது ஹோம்ஸ்டே வேண்டாம் எண்டு சொல்லுற கட்டுரை இல்லை. வேணும் எண்டு சொல்லுற ஆள்தான் நான். ஆனா ரீல்ஸில காட்டாத சில விசயங்களைக் கதைக்காமல் இதைத் தொடங்கினால், இன்னும் பத்து வருசத்தில எங்களையே நாங்கள் திட்டிக்கொண்டு இருப்பம்.

முதல்ல அந்த 'அமைதி'. எங்களிட்ட முதல் வந்த விருந்தாளிகள் கொழும்பில இருந்து வந்த ஒரு இளம் தம்பதி, தமிழாக்கள்தான். பின்னேரம் முற்றத்தில கதிரை போட்டு இருந்துகொண்டு அந்தப் பிள்ளை சொன்னா: "அன்ரி, என்ன அமைதி இங்க! ஒரு சத்தமும் இல்லை." அம்மா வெங்காயம் உரிச்சுக்கொண்டே சொன்னா: "இந்த ஒழுங்கையில ஏழு வீடு பிள்ளை. நாலு பூட்டிக் கிடக்கு. பிறகு எங்கால சத்தம் வரும்?"

மன்னார் அமைதியான ஊராப் பிறக்கேல்லை. 1914 இல தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில கப்பல் ஓடத் தொடங்கினது. ரயிலில வந்து, கப்பலில ஏறி, அங்கால மறுபடி ரயில் பிடிக்கிற பாதை. வியாபாரிகள், யாத்திரைக்காரர், தோட்டங்களுக்குப் போன வந்த சனம் எல்லாம் இந்த மண்ணை மிதிச்சுத்தான் போனது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிச்ச பிறகும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடினது. அதை நிப்பாட்டினது போர். 1990 ஒக்டோபரில வடக்கில இருந்த முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினபோது, மன்னார்த் தீவின்ர எருக்கலம்பிட்டி மாதிரியான ஊர்கள் ஒரு சில நாளில வெறுமையாச்சு. கன பேர் கையில கிடைச்சதோட வள்ளம் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தவை. அதே காலத்தில தமிழாக்கள் எதிர்க்கரைக்கு இராமேஸ்வரம் போனவை. தலைமன்னார் ரயில் திரும்ப வந்தது 2015 இலதான். 2022 மார்ச்சில பொருளாதார நெருக்கடி வந்தபோது, மறுபடி பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மன்னாரில இருந்து சனம் தனுஷ்கோடிக்குப் போனது. நீங்கள் சூரியன் விழுறதைப் படம் எடுக்கிறது அந்தக் கடலிலதான்.

இதை வாசிச்சுக் குற்ற உணர்ச்சியோட வாங்கோ எண்டு சொல்லேல்லை. சந்தோசமா வாங்கோ. பள்ளிமுனையில பெருக்க மரத்தைக் கட்டிப்பிடிச்சுப் படம் எடுங்கோ, ரோட்டை மறிச்சு நிக்கிற கழுதையளோட பொறுமையா இருங்கோ. ஆனா விளம்பரம் எழுதிற எங்கட பெடியள் 'யாரும் தொடாத கடற்கரை' எண்டு எழுதேக்க எனக்கு எரிச்சல் வரும். அந்தக் கரையில வாடி போட்டுக் கருவாடு காய வைக்கிற சனம் இருக்கு. கரைவலை இழுக்கிறவை இருக்கினம். அவையளை அழிச்சுப்போட்டுத்தான் அது 'தொடாத' கரை ஆகுது.

இனிக் காசுக் கதை. இதைத்தான் ஒருத்தரும் வெளியில சொல்லுறேல்லை. நாங்கள் முதல்ல ரெண்டு பேருக்கு ஒரு இரவுக்கு மூண்டு நேரச் சாப்பாட்டோட ஆறாயிரம் ரூபா வாங்கினம். நண்டும் மீனும் 2200. அரிசி, தேங்காய், மரக்கறி, காஸ் எல்லாம் சேர்த்து 900. ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வர ஓட்டோ 500. சீலை தோய்க்க, சவுக்காரம், தண்ணி மோட்டர் எண்டு 300. மிச்சம் 2100. அம்மா விடிய நாலரைக்கு எழும்பினா, இரவு பத்தரைக்குப் படுத்தா. இடையில படுத்தெழும்பின நேரத்தைக் கழிச்சாலும் பதினாலு மணித்தியாலம் வேலை. மணிக்கு நூற்றைம்பது ரூபா. அந்தக் காசுக்கு எங்கட வேலி அடைக்க ஒரு ஆள் வரமாட்டார்.

நான் இந்தக் கணக்கைக் கொப்பியில எழுதிக் காட்டினபோது அப்பா சொன்னார், "வீட்டு வேலைதானே, எப்படியும் செய்யிறதுதானே" எண்டு. பிரச்சினை அதுதான். ஹோம்ஸ்டே எண்ட தொழிலே அந்த 'எப்படியும் செய்யிறதுதானே'யில நிக்குது. ஹோட்டலில சமைக்கிறவருக்குச் சம்பளம், அறை கூட்டுறவருக்குச் சம்பளம். வீட்டில சமைச்சால் அது 'தாய்க்கை மணம்'. விருந்தோம்பல் எங்கட பண்பாடு எண்டு மேடையில கதைக்கிறவை அநேகமாப் பரிமாறினதைச் சாப்பிட்டவைதான்.

இன்னொண்டு, சும்மா கிடக்கிற அறை ஆரிட்ட இருக்கு? வெளிநாட்டில பிள்ளை இருக்கிற எங்களைப் போல வீடுகளில. ஒரு அறை, ஒரு விறாந்தையில ஆறு பேர் படுக்கிற கடற்றொழில் குடும்பத்திட்ட இல்லை. புத்தளத்தில இருபது, முப்பது வருசம் இருந்துபோட்டுத் திரும்பி வந்து அரைகுறைச் சுவரோட இருக்கிற வீட்டுக்காரரிட்டயும் இல்லை. அப்ப 'சமூகத்துக்கு வருமானம்' எண்டு சொல்லுறது, ஏற்கெனவே கொஞ்சம் வசதி உள்ளவைக்கு இன்னும் கொஞ்சம் எண்டுதான் முடியும்.

இந்த இடத்தில இமயமலையிட்டப் படிக்க ஒண்டு இருக்கு. ஆனா அது மரவீடும் பித்தளைக் குவளையும் இல்லை. லடாக்கில ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள்ள ரும்பக் எண்டு ஒரு ஊர். பனிச்சிறுத்தை பட்டிக்குள்ள பூந்து ஆடுகளைக் கொல்லும். சனம் ஆத்திரத்தில சிறுத்தையைக் கொல்லும். 2000களின் தொடக்கத்தில பனிச்சிறுத்தைப் பாதுகாப்பில வேலை செய்யிறவை அந்தச் சனத்தோட இருந்து கதைச்சு, வீடுகளில விருந்தாளிகளைத் தங்க வைக்கிற முறையைத் தொடங்கினவை. வாற ஆக்களை ஆரும் பஸ் நிறுத்தத்தில நிண்டு பிடிச்சு இழுக்கிறேல்லை. முறை வைச்சு வீடு வீடாப் போகும். வருமானத்தில ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குப் போகும். சிறுத்தை உயிரோட இருந்தால்தான் ஆக்கள் வருவினம் எண்டு விளங்கின பிறகு, அதைக் கொல்லுறதிலும் பார்க்க விடுறது லாபமாப் போச்சு.

அதே லடாக்கில லே நகரத்தைப் பார்த்தால் மற்றக் கதை. தண்ணி தேவைப்படாத பழைய உலர் மலசலகூடம் இருந்த ஊரில, வாறவைக்காகத் தண்ணி ஊத்துற ரொயிலெற்றுகள் பெருகி, நிலத்தடி நீரை மோட்டர் போட்டு உறிஞ்சத் தொடங்கிச்சினம். எங்கட தீவிலயும் நல்ல தண்ணி எண்டது மணலுக்குள்ள, உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்கிற ஒரு படைதான். கூட இழுத்தால் கிணறு உவர்க்கும். உவர்த்த கிணறு லேசில திரும்பி வராது. ஆனபடியால் எங்கட வீட்டில ஷவர் இல்லை, வாளியும் கோப்பையும்தான். ஒருத்தர் அதுக்காக எங்களுக்கு ரெண்டு நட்சத்திரம் குடுத்தவர். பரவாயில்லை.

எங்களிட்ட முறை வைக்க எல்லா வீட்டிலயும் அறை இல்லை. ஆனா முறை வைக்க வேற விசயம் இருக்கு. மீன் சந்தையில வாங்காமல் பக்கத்து வீட்டு வள்ளத்தில வாங்கலாம். புட்டும் கணவாய்க் கறியும் ஒரு வீடு, இடியப்பமும் சொதியும் இன்னொரு வீடு. வாடைக் காலத்தில வங்காலைக்குப் பூநாரை வரும். அந்தச் சரணாலயம் 2010 இல ராம்சார் பட்டியலில சேர்ந்தது. அங்க கூட்டிக்கொண்டு போறதுக்கு ஊர்ப் பெடியனே போதும். அவனுக்குப் பூநாரை எந்தத் திட்டில நிக்கும் எண்டும் தெரியும், ட்ரோன் விட்டால் முழுக் கூட்டமும் எழும்பிப் போடும் எண்டும் தெரியும்.

"அபிவிருத்தி வேண்டாமா" எண்டு கேக்கிறவைக்கும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில தீவின்ர தென்கரையில முப்பது காற்றாலை நிமிர்ந்தது. நூறு மெகாவாட்டுக்கு மேல. பிறகு அதானியின்ர திட்டம் எண்டாங்கள், 2025 பெப்ரவரியில அவங்களே விலகிப் போட்டாங்கள். புதுக் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிரா 2025 ஆகஸ்டில சனம் தெருவில இருந்தது. காற்றில இருந்து மின்சாரம் எடுக்கிறது பிழை எண்டு நான் நினைக்கேல்லை. எங்க நடுறது, வெள்ளம் எங்கால ஓடும், வலை எங்க இழுக்கிறது எண்டு இங்க இருக்கிற ஆக்களோட ஒழுங்காக் கதைக்காததுதான் பிழை. சின்னதா இருந்தாலும், ஹோம்ஸ்டேயில முடிவு எடுக்கிற ஆள் குசினிக்குள்ள நிக்கிறா. அதுக்காகத்தான் நான் இதை விடேல்லை. நாளைக்கு ஆரும் பெரிய கொம்பனி வந்து பத்து வீட்டை வாடகைக்கு எடுத்து, வெளியாள் ஒருத்தரை மனேஜராப் போட்டு, அதையும் ஹோம்ஸ்டே எண்டு சொல்லும். அப்ப அம்மா இருக்க மாட்டா. அம்மா மாதிரிச் சேலை கட்டின ஆரோ இருப்பினம்.

இப்ப எங்கட வீட்டு விலை ஒன்பதாயிரம். அதில ரெண்டாயிரத்தைந்நூறு அம்மாவின்ர பேரில பாங்கில தனியாப் போகுது. அப்பா முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைச்சிருந்தார், இப்ப பழகிட்டார். அண்டைக்கு வள்ளத்தில நண்டு வந்தால் நண்டு, வராட்டில் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போனால் பதினொரு மணிக்குப் பிறகுதான் சமையல்.

தை மாதம் ரெண்டு பேர் வருகினமாம். நான் சொன்னதும் அம்மா கேட்டது, "அவைக்கு மீன் வெட்டத் தெரியுமோ?"