தேய்ந்த சங்கிலியும் பற்சில்லும்: கண்ணி கழற்றுதல் திருத்தமாகாது

வயலுக்கு வடிகால் வெட்டுவதும், மரக்கறித் தோட்டத்தில் நீர்க்குழாய் புதைப்பதற்கு அகழி எடுப்பதும் மண்வெட்டியைக் கொண்டு பல நாட்கள் செய்யவேண்டிய வேலைகளாகும். சங்கிலி பூட்டிய அகழி வெட்டும் பொறி இவற்றைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆயினும் அப்பொறியின் வேலை முழுவதும் அதன் சங்கிலியையும் அதனைச் சுழற்றும் பற்சில்லுகளையுமே நம்பி நிற்கின்றது. இவை தேய்ந்தபின் எந்திரத்தில் எவ்வளவு வலுவிருந்தும் மண் வெட்டப்படமாட்டாது. சங்கிலியால் இயங்கும் ரொட்டவேற்றருக்கும் அறுவடை யந்திரத்துக்கும் இது பொருந்தும்.

சங்கிலி தளர்ந்ததும் இறுக்கும் திருகாணியைத் திருப்புவதும், அது முடிவுக்கு வந்ததும் இரண்டு கண்ணிகளைக் கழற்றிவிட்டு மறுபடியும் பூட்டுவதும் யந்திரம் வைத்திருப்போரிடம் காணப்படும் வழக்கமாகும். செலவில்லாத திருத்தம் என்று இதனைக் கருதுகின்றனர். உண்மையில் இது திருத்தமன்று. பழுதை மறைத்து, பெருஞ்செலவை வேலை மும்முரமான நாளுக்கு ஒத்திப்போடுவதாகும்.

சங்கிலி ஏன் நீளுகின்றது என்பதை அறிந்தால் இது விளங்கும். இரும்புத் தகடுகள் இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள ஆணியும் அதனைச் சூழ்ந்த குழலும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. அத்தேய்வினால் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையிலுள்ள தூரம் சிறிது சிறிதாகக் கூடுகின்றது. வலுவைக் கடத்தும் 60ஆம் இலக்க உருளைச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். 6 என்பது அங்குலத்தின் எட்டிலொரு பங்குகள் ஆறு என்பதைக் குறிக்கும். அதாவது ஆணிக்கு ஆணி முக்கால் அங்குலம், அல்லது 19.05 மில்லிமீற்றர். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலான தேய்வு ஏற்பட்டால் அது நூற்றுக்கு 3 வீத நீட்சியாகும். 80 கண்ணிகள் கொண்ட சங்கிலியில் இது ஏறக்குறைய 46 மில்லிமீற்றராகிவிடும்.

இப்பொழுது இரண்டு கண்ணிகளைக் கழற்றினால் சங்கிலியின் மொத்த நீளம் குறையும். சங்கிலி இறுக்கமாகத் தோன்றும். ஆனால் எஞ்சியுள்ள 78 கண்ணிகளில் ஒவ்வொன்றும் முன்போலவே நீண்டதாக இருக்கும். பற்சில்லின் பற்களோ பழைய அளவிலேயே வெட்டப்பட்டவை. ஆதலால் உருளைகள் பற்களின் அடியில் அமராது மேலேறி நிற்கின்றன. பற்கள் ஒருபுறமாகத் தேய்ந்து கொக்கிபோல் வளைகின்றன. ஈற்றில் சங்கிலி பல்லைத் தாண்டிக் குதிக்கும், அல்லது அறுந்துவிடும்.

அவ்வேளையில் புதுச் சங்கிலி ஒன்றை மாத்திரம் வாங்கிக் கொக்கியான பற்சில்லின்மேற் பூட்டுவது இரண்டாவது தவறாகும். சரியான அளவுள்ள புதுக் கண்ணி தேய்ந்த பல்லில் ஒழுங்காகப் பொருந்தாது. பல பற்கள் பகிர்ந்து தாங்கவேண்டிய பாரம் சில பற்களின்மேல் விழும். புதுச் சங்கிலியும் தன் காலத்துக்கு முன்னரே தேய்ந்துவிடும். ஆதலால் பற்கள் கொக்கியாகிவிட்டனவெனின் சங்கிலியையும் பற்சில்லுகளையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனமாகும்.

போக ஆரம்பத்தில் விதைக்கும் எண்ணெய்க்கும் கூலிக்கும் பணம் தேடும் கமக்காரர் பற்சில்லுக்கும் எங்கே போவது என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியடைந்தபோது இறக்குமதியாகும் உதிரிப்பாகங்களின் விலை எவ்வாறு ஏறியது என்பதைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார். ஆயினும் அக்கேள்விக்குரிய விடை கண்ணி கழற்றுவதன்று. காலத்தோடு அளந்து பார்ப்பதாகும். நீட்சி அதிகரிப்பதற்கு முன் சங்கிலியை மாற்றினால் பற்சில்லுகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஒரு பொருளின் விலையோடு வேலை முடியும். காலம் தாழ்த்தியவரே இரண்டையும் வாங்க நேரிடுகின்றது.

அளப்பதற்கு ஓர் அளவுகோல் போதும். சங்கிலியைத் துடைத்து, தளர்வின்றி இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து அதற்கடுத்த 20ஆவது ஆணியின் நடுவரை அளக்கவேண்டும். 60ஆம் இலக்கச் சங்கிலி புதிதாயின் இது 381 மில்லிமீற்றர். 388 மில்லிமீற்றரைத் தாண்டினால் புதுச் சங்கிலிக்கு ஆயத்தம் செய்யவேண்டும்; 392 மில்லிமீற்றரை எட்டினால் அதனை வேலைக்கு விடலாகாது. 50ஆம் இலக்கச் சங்கிலிக்குப் புதிதில் 317.5 மில்லிமீற்றர், 327 மில்லிமீற்றர் அதன் எல்லை. மண்ணை வெட்டும் சங்கிலிகள் வேறு அளவினவாதலால், அவற்றைப் புதிதாகப் பூட்டும் நாளிலேயே 20 கண்ணிகளின் நீளத்தைக் குறித்து வைத்து, யந்திரத்தின் கைந்நூலிற் கூறிய எல்லையோடு ஒப்பிடுவது நன்று.

திருத்தக்கூடியவையும் உண்டு. பற்சில்லின் குடம் இருபுறமும் ஒத்ததாயின் அதனைக் கழற்றி மறுபுறமாகத் திருப்பிப் பூட்டலாம். தேயாத பக்கம் பாரத்தைத் தாங்கும். இரண்டு பற்சில்லுகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நேரான சட்டமொன்றை வைத்துப் பார்த்துச் சீர்செய்யலாம். இணைப்புக் கண்ணியின் கவ்வியை, அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்குமாறு பூட்டவேண்டும். வலுக்கடத்தும் சங்கிலியைக் கம்பிபோல் விறைப்பாக இறுக்கலாகாது. இரண்டு அச்சுகளுக்கும் இடையில் 600 மில்லிமீற்றர் தூரமிருந்தால் தளர்ந்த பக்கம் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் தொய்வது போதுமானது.

செய்யத்தகாதவையும் உண்டு. அறுந்த கண்ணியைச் சூடேற்றி ஒட்டுதல் கூடாது. சூடு பட்ட இரும்பு தன் பதத்தை இழந்துவிடும். தேய்ந்த சங்கிலியின் இடையே புதுக் கண்ணிகளைச் சேர்த்தலும் கூடாது. அளவு வேறுபட்ட அவ்விடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அதிர்ச்சி ஏற்படும். நீளத்தைச் சரிசெய்ய அரைக்கண்ணி பூட்டுவோரும் உளர். அது மற்றைக் கண்ணிகளைவிட வலுக்குறைந்தது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

உலர்வலயத்தின் செங்கபில மண்ணிற் படிகக் கற்பரல்கள் கலந்திருத்தலால் அங்கு தேய்வு விரைவாகும். வேலை முடிந்தவுடன் சங்கிலியிற் படிந்த மண்ணை அகற்றி உலரவிடவேண்டும். மண்ணுக்குள் ஓடும் சங்கிலிக்குக் கிறீஸ் தடிப்பாகப் பூசுதல் நன்மையன்று. மணல் அதனோடு கலந்து இரும்பை அரைக்கும் பசையாகிவிடும். மூடிய பெட்டிக்குள் ஓடும் சங்கிலிக்கு எண்ணெய் மட்டத்தைத் தவறாது பார்க்கவேண்டும். வெளியே ஓடும் வலுக்கடத்தும் சங்கிலியைத் துப்புரவாக்கியபின் கண்ணிகளின் இடையே மெல்லிய எண்ணெயை விடவேண்டும்.

இவ்வேலைகள் யாவற்றுக்கும் முன் எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பெற்றோல் எந்திரமாயின் பிளக் கம்பியையும் கழற்றிவைக்க வேண்டும். ஓடும் சங்கிலியின் தளர்வை விரலால் சோதிப்பது விரலைப் பணயம் வைப்பதாகும். கழற்றிய காப்பு மூடியைத் திரும்பப் பூட்டாது வேலைக்குச் செல்வதும் அத்தகையதே. தேய்ந்த சங்கிலி பாரத்தில் அறும்போது அருகில் நிற்பவர்மேல் வீசப்படலாம். உதிரிப்பாகத்தை விலைக்கு வாங்கலாம். கையை வாங்க முடியாது.

கமக்காரர் அமைப்புகள் பொதுவில் வைத்திருக்கும் யந்திரங்களுக்கு இன்னும் அதிக கவனம் வேண்டும். பலர் கைபட்ட பொருளை எவரும் அளந்து பார்ப்பதில்லை. வாடகைப் பணம் கைக்கு வரும். தேய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் ஒவ்வொரு முறையும் பெறும் வாடகையில் ஒரு பங்கைச் சங்கிலிக்கும் பற்சில்லுக்கும் என ஒதுக்கிவைப்பதும், போகத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவைப்பதும் அமைப்பின் கடமையாகும். வாடகைக்கு எடுப்பவரும் யந்திரம் வயலில் இறங்குமுன் அவ்வளவைக் கேட்டறிதல் தகும். சங்கிலி அறுந்த நாளின் நட்டம் யந்திர உடைமையாளருக்கு மாத்திரமன்று; வடிகாலின்றி நீர் தேங்கிய வயலுக்கும் உரியது.

குளத்து நீர் திறக்கும் நாள் எவருக்காகவும் காத்திராது. அறுவடை முடிந்து யந்திரம் ஓய்ந்திருக்கும் வாரங்களே சங்கிலியை அளப்பதற்கும், கடைகளில் விலை விசாரித்து வேண்டியதை வாங்குவதற்கும் ஏற்ற காலமாகும். அக்காலத்தில் அளவுகோலைக் கையிலெடுக்கும் கமக்காரர், வேலை நாளில் அறுந்த சங்கிலியோடு பட்டினத்துக்கு ஓடவேண்டி வராது.