பேப்பர் கப்பில் பேப்பர் மட்டுமா?

பதினோரு மணிக்கு சீட்டில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு நைஸாகக் கீழே டீக்கடைக்கு நழுவுகிற ஆசாமியா நீங்கள்? கண்ணாடி கிளாஸையெல்லாம் ஒரே பக்கெட் தண்ணியில் முக்கி எடுப்பதைப் பார்த்து முகம் சுளித்து, 'மாஸ்டர், எனக்குப் பேப்பர் கப்புல குடுங்க' என்பவரா? அப்படியென்றால் உங்களோடுதான் பேச்சு.

வெறும் பேப்பரில் சுடச்சுட டீயை ஊற்றினால் ஊறிப்போய் பேன்ட்டில் கொட்ட வேண்டாமோ? கொட்டுவதில்லை. காரணம், உள்பக்கம் மெல்லிசாக ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம். பெரும்பாலும் பாலிதீன். கரக்பூர் ஐ.ஐ.டி.க்காரர்கள் இந்த மாதிரி கப்புகளில் 85-90 டிகிரி வெந்நீரை ஊற்றி, 15 நிமிஷம் விட்டுப் பார்த்தார்கள். 100 மில்லியில் சுமார் 25,000 பிளாஸ்டிக் துணுக்குகள்! கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தினம் மூணு டீ என்றால் 75,000.

'கால் மணி நேரம் யார் சார் டீயைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க?' நியாயமான கேள்விதான். ஆனால் மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால் கால் மணியில் முடிகிறதா, சொல்லுங்கள்.

சரி, உள்ளே போய் என்ன செய்யும்? கழுத்து ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை ஆபரேஷனில் எடுத்துக்கொண்ட 257 பேரை இத்தாலி டாக்டர்கள் கவனித்தார்கள். 150 பேரின் அடைப்பில் பாலிதீன் இருந்தது. அடுத்த மூன்று வருஷத்துக்குள் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் அல்லது மரணம் என்ற ஆபத்து, பிளாஸ்டிக் இல்லாதவர்களைவிட இவர்களுக்கு நாலரை மடங்கு. 2024 மார்ச்சில் வெளிவந்த ஆராய்ச்சி இது. பிளாஸ்டிக்தான் குற்றவாளி என்று அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. சம்பவ இடத்தில் ஆள் இருந்தான். சந்தேகத்தின் பேரில் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேஸ் நடக்கிறது. அதுவரை அவனோடு தினம் மூணு வேளை டீ குடிக்கணுமா என்பதுதான் என் சந்தேகம்.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. அரசாணை கோட்டையிலிருந்து புறப்பட்டுவிட்டது. பல டீக்கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. டிராஃபிக்கில் மாட்டியிருக்கலாம்.

பக்கெட்டா, பாலிதீனா என்று தவிக்காமல் ஆபீஸ் டிராயரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாஸ்டர் ஒரு மாதிரி பார்ப்பார். கொஞ்சம் பெரிய டம்ளராகவே வாங்குங்கள். கை அளவு தவறி ரெண்டு மடக்கு கூடவே விழும்.